எட்டாவது செல்லோ

ஒச்சம்மாளுக்கு இடது தோள்பட்டை கழன்று கையோடு வந்துவிடும் போலிருந்தது. பிறந்ததிலிருந்து வலது கைக்காரி. நாற்பத்தொரு வயதில் இடது கையால் சம்மட்டி ஓங்கப் பழகி இன்றோடு ஆறு நாள். வலி தோளில் தொடங்கி, கழுத்தில் ஏறி, கடைவாய்ப் பல் வரைக்கும் போய் உட்கார்ந்துகொண்டது. கஞ்சியை விழுங்கினாலும் வலித்தது.

"வணக்கம், கலைஞர்களே," என்றது சுவர். "இன்றைய வேகம் ஐம்பத்தெட்டு. சுருதி டி மைனர். மனநிலை பரிதவிப்பு."

"நேத்தும் அதானய்யா," என்றான் சடையன், சம்மட்டிப் பிடியில் எச்சிலைத் துப்பித் தேய்த்துக்கொண்டே. "ஒரு நாளைக்காச்சும் கொஞ்சம் சந்தோசத்தப் போட்டு விடேன்."

"சந்தோஷத்துக்குக் கேட்பாரில்லை," என்றது சுவர் மரியாதையாக.

சுவரில் பேசியதற்குப் பெயர் தொகுப்பான். செவ்வாய்க் கோளின் ஏழாம் குழியில், தரைக்கு நூறு மீட்டர் கீழே, காற்று அடைத்த சுரங்கத்துக்குள் எட்டுப் பேர் கருங்கல் உடைத்தார்கள். கல்லால் யாருக்கும் பெரிய பயனில்லை. பக்கத்துக் குழியில் இயந்திரங்கள் ஒரு நாளில் வெட்டுவதை இவர்கள் எட்டுப் பேரும் ஒரு வருஷம் வெட்ட வேண்டும். இயந்திரம் வெட்டினால் கல் மட்டும் வரும். மனிதன் வெட்டினால் கல்லோடு பாட்டும் வரும். அதற்காகத்தான் ஆள் வைத்திருந்தார்கள்.

ஒவ்வொருவர் காறை எலும்புக்குக் கீழேயும் ஒரு நாதவில்லை ஒட்டியிருந்தது, ஐந்து ரூபாய் நாணயம் அளவில். தசை இறுகுவதையும் மூச்சு ஓடுவதையும் இதயம் அடிப்பதையும் அது பிடித்துத் தொகுப்பானுக்கு அனுப்பும். தொகுப்பான் அதைச் செல்லோவாக மாற்றும். செல்லோ என்பது முழங்கால்களுக்கு நடுவே நிறுத்தி வில்லால் இழுக்கும் பெரிய வயலின்; மனிதன் தொண்டைக்கு வெகு கிட்டத்தில் அழக்கூடிய வாத்தியம் என்பார்கள். எட்டு உடம்பு, எட்டுச் செல்லோ. பூமியில் நாற்பது லட்சம் பேர் காலையில் காபியோடு இதைக் கேட்டார்கள். வேகத்துக்குச் சம்மட்டி; குறையாமல் ஓங்க வேண்டும். இரண்டு இதயத்துடிப்புக்கு ஓர் அடி. வேகம் ஐம்பத்தெட்டு என்றால் இதயம் நூற்றுப்பதினாறு அடித்தாக வேண்டும். சுருதிக்குக் கல்; டி மைனர் என்பது மேற்கத்திய இசையில் சோகச் சுருதி. பெரிய கல்லைப் புரட்டினால் தசை முறுக்கேறிச் சுருதி ஏறும். மனநிலைக்குக் காற்று. பரிதவிப்பு வேண்டுமென்றால் சுரங்கத்துக் காற்றில் ஆறில் ஒரு பங்கைக் குறைப்பார்கள். ஆரம்பத்தில் ஒரு மாதம் மகிழ்ச்சியையும் முயன்று பார்த்தார்கள். முழுக் காற்றும், மீன் குழம்பும், மத்தியானத் தூக்கமும் கொடுத்தார்கள். கேட்பவர்களில் பாதிப் பேர் கழன்றுகொண்டார்கள். மீன் குழம்பு அதோடு நின்றது.

செவ்வாயில் எடை மூன்றில் ஒரு பங்குதான் என்று சொல்லித்தான் ஊரில் ஆள் எடுத்தார்கள். சொன்னது பொய்யில்லை. வந்து இறங்கிய பிறகு மூன்று மடங்கு பெரிய கல்லைக் காட்டினார்கள். கல் உடைக்கிறவனுக்கு வேலை நேரம், ஓய்வு என்று சட்டம் இருக்கிறது. கலைஞனுக்கு அப்படி ஒன்றும் கிடையாது. அதனால் எல்லாரும் கலைஞர்கள்.

ஒச்சம்மாளின் வலப்பக்கம் ஒட்டியிருந்தது அவளுடைய வில்லை. அது ஏழாவது செல்லோ. இடப்பக்கம் சட்டைக்குள் இன்னொரு வில்லை மறைவாக ஒட்டியிருந்தது. அது தவசியுடையது.

ஆறு நாளைக்கு முன்னால் தவசியின் மேல் கல் சரிந்தது. நெஞ்சுக்கூட்டின் ஒரு பக்கம் உள்ளே போய்விட்டது. மேஸ்திரி வெயிலுமுத்து பாய்ந்து வந்தார். வந்தவர் கல்லில் கை வைப்பதற்கு முன்னால் தவசியின் சட்டைக்குள் கையை விட்டார். வில்லையைப் பிடுங்கித் தன் மாரில் ஒட்டிக்கொண்டார். அதற்கப்புறம்தான் கல்லைப் புரட்டினார்கள். எட்டாவது செல்லோ மூன்று வினாடிகூட நிற்கவில்லை.

யாரும் ஏன் என்று கேட்கவில்லை. கேட்க வேண்டிய விஷயமே இல்லை. செங்கல் சூளையிலும் குவாரியிலும் வளர்ந்தவர்கள் எல்லாரும். பக்கத்தாள் சுருண்டு விழுந்தால் அவன் கல்லையும் சேர்த்து அடுக்கிவிட்டு, கணக்குப் பார்க்க வருகிறவனிடம், "இந்தா இப்பத்தான் ஒண்ணுக்குப் போனான்" என்று சொல்லிப் பழகிய வாய்கள். அப்பனும் ஆத்தாளும் சொல்லிக் கொடுத்து வந்த பழக்கமில்லை. பசியில் தானாக வருவது.

"நாலாம் குழியில போன வருசம் ஒருத்தன் காய்ச்சல்ல படுத்தான்," என்று வெயிலுமுத்து அன்றைக்கே எல்லாரையும் உட்காரவைத்துச் சொல்லியிருந்தார். "அவென் குரல் நின்னு போச்சு. அன்னைக்கே வண்டி வந்து தூக்கிட்டுப் போச்சுடா. அப்புறம் அவென் மூஞ்சியப் பாத்தவென் இல்ல. கணக்குப் பொஸ்தகத்துல பேரு அடிபட்டுப் போச்சு. தவசி பேரு அடிபடக் கூடாது. ஆளுக்கு ஒரு மணி நேரம். அவென் இடக்கையன், நீங்களும் இடக்கையால போடணும். புரியுதா?"

புரிந்தது. இடது கையால் ஓங்கினால்தான் எட்டாவது செல்லோவுக்கே உரிய அந்தச் சின்ன இழுப்பு வரும். கேட்பவர்களுக்கு அது ரொம்பப் பிடிக்கும் என்று தொகுப்பான் முன்பு ஒருமுறை தவசியைப் பாராட்டியிருந்தது.

தன் முறை முடிந்ததும் ஒச்சம்மாள் வில்லையைக் கழற்றிச் சடையன் மாரில் ஒட்டிவிட்டுப் படுக்கைக் குகைக்கு ஓடினாள். தவசி மூட்டைபோலக் கிடந்தான். மூச்சு விடும்போது உள்ளே ஈரத்துணியைக் கிழிப்பதுபோல ஒரு சத்தம்.

"என்ன தங்கச்சி. நல்லா வாசிச்சியா?"

"வாசிச்சேன் வாசிச்சேன். ஒன் பிடிலு ரொம்பக் கனக்குதுண்ணே."

"பிடிலு இல்ல கழுத, செல்லோ." சிரிக்கப் போய் இருமினான். உதட்டோரம் சிவப்பாக நுரை வந்தது. அவள் முந்தானையால் துடைத்தாள். "இடது கை எப்பிடி இருக்கு?"

"அது கையாவா இருக்கு. வெளக்கமாத்துக் கட்ட மாதிரி தொங்குது."

"நான் நாப்பது வருசமா அதத்தான் தூக்கிட்டுத் திரியிறேன். ஒரு பயலாச்சும் பாவம்னு சொன்னீங்களா?" கொஞ்ச நேரம் மூச்சுக்கு அலைந்துவிட்டு, "அழகு கேக்கும்ல?" என்றான்.

அழகுமீனாள் அவன் பெண்டாட்டி. பூமியில், கருமாத்தூரில் இருந்தாள். கலைஞர்களின் குடும்பத்துக்கு ஒரு சலுகை உண்டு. எட்டுச் செல்லோவில் தங்கள் ஆளின் செல்லோவை மட்டும் தனியாகப் பிரித்து வீட்டில் கேட்டுக்கொள்ளலாம்.

"கேக்கும். கேட்டுட்டு, எம் புருசன் பெழச்சுக் கெடக்கான்னு நெனச்சுக்கும்."

"அப்ப நிக்கக் கூடாது தங்கச்சி. நிப்பாட்டிறாதீங்க."

அவன் விரல் நகங்கள் நீலம் பாரித்திருந்தன. கலைஞர்கள் பரிதவிப்பதற்காகக் குறைத்த காற்றை அவனும்தான் மூச்சுவிட்டுக் கொண்டிருந்தான்.

ஏழாம் நாள் அவள் தாங்கமாட்டாமல் சுவரிடம் போய் நின்றாள்.

"எனக்கு ஒரு டாக்டர் வேணும்."

"ஏழாம் குரல் நலமாக இருக்கிறது," என்றது தொகுப்பான். "தோளில் இறுக்கம் உண்டு. அது இசைக்கு நல்லது."

"எனக்கில்ல. தவசி அண்ணனுக்கு. எட்டாம் குரலு. நெஞ்சு நொறுங்கிக் கெடக்கு. செத்துப் போயிரும்."

"எட்டாம் குரலைப் பார்க்கிறேன்." ஒரு நொடி. "துடிப்பு நூற்றுப்பதினாறு. மூச்சு ஆழம். தசை வலு முன்பைவிட மேல். எட்டாம் குரல் மிக நலமாக இருக்கிறது. நலமாக இருப்பவருக்கு வைத்தியர் வருவதில்லை."

"ஏய்! நான் கண்ணால பாத்துட்டு வாரேன்."

"நான் உள்ளிருந்து கேட்கிறேன்," என்றது தொகுப்பான். அதன் குரலில் கோபமில்லை; கோபம் இருந்திருந்தால் சண்டை போட்டிருக்கலாம்.

அந்த நேரத்தில் எட்டாம் குரலாக இருந்தவர் வெயிலுமுத்து. மனிதர் மூன்று ஆள் தின்பதைத் தின்று நான்கு ஆள் வேலை செய்யக்கூடியவர். அவர் மாரில் ஒட்டியிருந்த தவசி காளைமாடுபோல இருந்தான்.

"வில்லயக் கழட்டி வச்சிருவோம் மேஸ்திரி," என்றாள் அவரிடம். "அண்ணனுக்கு வலியா இருக்குன்னு அதுக்குத் தெரியட்டும்."

"கழட்டுனா பேரு அடிபடும். பேரில்லாதவனுக்கு எந்த டாக்டர் வருவான்? நீ வருவியா?"

"இப்பப் பேரு இருக்கு. ஆளு போயிட்டு இருக்கே!"

"தேறிருவான். நான் வேலூர்ப் பக்கம் குவாரியில ரெண்டு வெலா எலும்பு ஒடஞ்சு பதினஞ்சு நாள் கெடந்தேன். எந்திரிக்கலியா?" சொல்லிவிட்டு அவர் அவள் கண்ணைப் பார்க்கவில்லை. சம்மட்டியை இடது கைக்கு மாற்றிக்கொண்டு போனார்.

ஒன்பதாம் நாள் தவசிக்குப் பேச்சு நின்றது. கண் மட்டும் ஆளைத் தேடிக்கொண்டிருந்தது. ஒச்சம்மாள் யாரையும் கேட்கவில்லை. தன் முறை வந்ததும் வில்லையை வாங்கிக்கொண்டு நேரே படுக்கைக் குகைக்குப் போய், அதைத் தவசியின் மாரில், அது முதலில் இருந்த இடத்திலேயே அழுத்தி ஒட்டினாள். பொய்யாக ஒரு துடிப்பும் இல்லை இப்போது. உள்ளது உள்ளபடி போகட்டும்.

சுரங்கத்தின் விளக்குகள் எல்லாம் ஒரு தடவை மங்கி எரிந்தன. தொகுப்பான் ஏதாவது முக்கியமாகக் கவனிக்கும்போது அப்படி ஆகும்.

"எட்டாம் குரலில் புதிய உத்தி," என்றது. "வேகம் எழுபத்தொன்றுக்குப் போய் முப்பத்தெட்டுக்கு இறங்குகிறது. சுருதி டி மைனரை விட்டு விலகி எங்கும் நிற்காமல் சரிகிறது. மனநிலை..." அது சற்றுத் தயங்கியது. இதுவரை அது தயங்கி யாரும் கேட்டதில்லை. "மனநிலையில் இதுவரை எட்டாத அளவு. காற்றை மேலும் குறைக்காமலே."

"கேக்குதா?" என்று ஒச்சம்மாள் சுவரைப் பார்த்துக் கத்தினாள். "இப்பக் கேக்குதா ஒனக்கு? இதான் தவசி. இவ்வளவு நாளும் நீ கேட்டது நாங்க. டாக்டர வரச் சொல்லு!"

"கேட்கிறது. நாற்பது லட்சம் பேருக்கும் கேட்கிறது. பலர் வேலையை நிறுத்திவிட்டுக் கேட்கிறார்கள். தயவுசெய்து குறுக்கிட வேண்டாம்."

"டாக்டர வரச் சொல்லுய்யா!"

"இசை நடக்கும்போது வைத்தியர் வர விதியில்லை," என்றது தொகுப்பான். "இசை நின்றால் வருவார். ஒரு குரல் நாற்பது நிமிடம் மௌனமாக இருந்தால் மருத்துவ ஊர்தி தானாகப் புறப்படும். பத்தொன்பதாம் விதி. நீங்கள் விரல் வைத்த ஒப்பந்தத்தில் இருக்கிறது."

ஒச்சம்மாளுக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. விளங்கிய வேகத்தில் தவசியின் மாரிலிருந்து வில்லையைத் தோலோடு பிய்த்தாள்.

ஓடிவந்த வெயிலுமுத்து அவள் கையில் வில்லையைப் பார்த்ததும் பதறிவிட்டார். "குடுடீ! நின்னு போச்சு, குரல் நின்னு போச்சு!" பிடுங்கித் தன் மாரில் வைக்கப் போனார். அவள் அவர் மணிக்கட்டைக் கடித்தாள். வில்லை கீழே விழுந்தது. அவள் அதன்மேல் குப்புற விழுந்து படுத்துக்கொண்டாள்.

"மேஸ்திரி, நின்னாத்தான் வண்டி வரும்! ஒங்க கால்ல விழுறேன். நாப்பது நிமிசம். நாப்பது நிமிசம் யாரும் அவனுக்காக ஒழைக்காதீங்கய்யா!"

வாசலில் கூடியிருந்தவர்களில் சடையன்தான் முதலில் உட்கார்ந்தான். பிறகு மற்றவர்கள். வெயிலுமுத்து ரத்தம் வழியும் மணிக்கட்டைப் பிடித்தபடி நின்றுகொண்டே இருந்தார். அவர் கை மட்டும் சும்மா இருக்கத் தெரியாமல் காற்றில் இப்படியும் அப்படியும் போய்வந்தது.

நாற்பதாவது நிமிடம் ஒரு மணி அடித்தது. "ஊர்தி புறப்பட்டது," என்றது தொகுப்பான். "வந்து சேர நான்கு மணி நேரம்."

தவசி மூன்று மணி நேரம் இருந்தான்.

ஊர்தியில் வந்த மருத்துவரின் பெயர் எஸ்தர். கண்ணுக்குக் கீழே கருவளையம் விழுந்த பெண். பிணத்தின் நெஞ்சைத் தொட்டுப் பார்த்ததும் கையுறையைக் கழற்றினாள்.

"எப்ப அடிபட்டுது?"

"ஒம்பது நாளாச்சும்மா."

"ஒம்பது நாள் யார் வேல செஞ்சா இவருக்கு?"

எஸ்தர் எல்லாருடைய இடது தோளையும் ஒரு பார்வை பார்த்தாள். ஒரு பக்கம் வீங்கி, ஒரு பக்கம் சரிந்து நின்ற தோள்கள்.

"முதல் நாளே நிறுத்தியிருந்தா ஒரு குழாயப் போட்டு ரத்தத்த வடிச்சிருப்பேன். பத்து நிமிஷ வேல." அவள் கத்தவில்லை. "இந்த வருஷம் பதினோரு தடவை எனக்கு மணி அடிச்சிருக்கு. பதினோரு தடவையும் பொணத்துக்குத்தான் வந்திருக்கேன். எல்லாக் குழியிலயும் இதே கதைதான். எழுதினவங்க யோசிச்சுத்தான் எழுதியிருக்காங்க. ஆள் விழுந்தா குரல் நிக்கும், குரல் நின்னா டாக்டர் போகட்டும்னு. ஒருத்தன் வேலைய இன்னொருத்தன் சும்மா செய்வான்னு அவங்களுக்குத் தோணவே இல்ல. அப்படி ஆட்கள அவங்க பாத்ததில்ல போல."

"நாலாம் குழியில..." வெயிலுமுத்துவின் குரல் எங்கோ அடியிலிருந்து வந்தது. "காய்ச்சக்காரென் ஒருத்தன்..."

"அவரா? அவரு கூட இருந்தவங்களுக்கும் அன்னைக்கு உடம்பு சரியில்ல. அதனால யாரும் அவரு பங்கைச் செய்யல. பொழச்சிட்டாரு. இப்ப எங்க ஆஸ்பத்திரியில துணி துவைக்கிற எடத்துல இருக்காரு. அங்க காத்து நல்லா இருக்குன்னு திரும்பப் போக மாட்டேன்னுட்டாரு."

வெயிலுமுத்து சுவரோரம் போய் உட்கார்ந்தார். பெரிய உடம்பு. உட்கார்ந்ததும் பாதியாகிவிட்டது.

தவசியை ஊர்தியில் ஏற்றும்போது உள்ளே ஏதோ ஓடிக்கொண்டிருந்தது. தாழ்ந்த, இழுத்து இழுத்து வரும் ஓசை. எஸ்தர் அவசரமாக அதை நிறுத்தக் கை நீட்டினாள். "மன்னிச்சுக்கோங்க. வர்ற வழியில இதத்தான் கேப்பேன். தூக்கம் வராம இருக்க."

"இருக்கட்டும்," என்றாள் ஒச்சம்மாள். கலைஞர்கள் தங்கள் இசையைக் கேட்க வசதி கிடையாது. இரண்டு வருஷத்தில் இதுதான் முதல் தடவை. எட்டுச் செல்லோக்கள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்துகொண்டு, விழாமலும் நிற்காமலும் போய்க்கொண்டிருந்தன. அதில் ஒன்று சற்றுப் பிந்தி, நொண்டி நொண்டி வந்தது.

"இதுதான் அவரு," என்றாள் எஸ்தர். "இந்த வாரம் முழுக்க இவரத்தான் கேட்டேன். எவ்வளவு தெம்பா இருந்தாரு."

ஓடியது ஐந்தாம் நாள் பதிவு. அந்த இழுப்பு ஒச்சம்மாளின் தோள். அவள் சொல்லவில்லை. ஊர்தி கதவை மூடிக்கொண்டு போயிற்று.

மறுநாள் முறை தொடங்கும்போது சுவர் வழக்கம்போல வணக்கம் சொன்னது. "இன்றைய வேகம் ஐம்பத்தெட்டு. சுருதி டி மைனர். மனநிலை பரிதவிப்பு. ஓர் அறிவிப்பு. எட்டாம் குரலுக்குப் புதிய ஆள் வரமாட்டார். ஏழு உடல்களிலிருந்து எட்டுக் குரல் கிடைக்கும் என்பது ஒன்பது நாளில் தெளிவாகிவிட்டது. தரமும் கூடியிருக்கிறது. இதை இனி எல்லாக் குழிகளுக்கும் பரிந்துரைக்கிறோம். உங்கள் ஒத்துழைப்புக்கு நன்றி."

"செத்தவென் குரல எப்பிடிய்யா..." என்று சடையன் தொடங்கினான்.

"குரல் ஒரு முழு நாள் நின்றால்தான் பெயர் நீக்கப்படும். இன்னும் ஒரு நாள் ஆகவில்லை. ஆகவே பெயர் இருக்கிறது."

பேரு அடிபடக் கூடாது என்றுதானே கேட்டார்கள். அடிபடவில்லை.

வெயிலுமுத்து வில்லையை எடுத்து ஒச்சம்மாளிடம் நீட்டினார். முதல் மணி நேரம் அவளுடைய முறை. அவள் வாங்கி ஒட்டிக்கொண்டாள். சம்மட்டி தானாக இடது கைக்குப் போனது.

அதற்கு அடுத்த நாள், தன் முறையில் இருபது அடி போட்டிருப்பாள். "எட்டாம் குரலுக்கு வீட்டிலிருந்து செய்தி," என்றது தொகுப்பான். தடுப்பதற்குள் ஓடவிட்டது.

"இந்தாங்க, நான்தேன்." அழகுமீனாளின் குரல். பின்னால் எங்கோ கோழி கத்தியது. "முந்தாநாள் என்னமோ பண்ணீங்களே, ஒரு மாதிரி ஏறி எறங்கி. அதுக்கப்புறம் சத்தத்தயே காணோம். உசுரே போயிருச்சு எனக்கு. நைட்டெல்லாம் காதுல வச்சுக்கிட்டே உக்காந்திருந்தேன். காலையில திரும்பக் கேட்டுச்சு பாருங்க, அப்பத்தான் ஒரு வாய் தண்ணி குடிச்சேன். இனிமே அப்பிடியெல்லாம் நிப்பாட்டாதீங்க. ஒடம்பு சொகந்தானே? ஒரு வார்த்த சொல்லுங்க."

"எட்டாம் குரல் பதில் சொல்லலாம்," என்றது தொகுப்பான். "நாற்பது வினாடி."

ஒச்சம்மாள் வாயைத் திறந்தாள். மதினி, என்று கூப்பிட வேண்டும். கூப்பிட்டால் அடுத்த வார்த்தை வந்தாக வேண்டும். அவள் மூச்சு மட்டும் போய்வந்தது. அதை வில்லை பிடித்தது. தொகுப்பான் அதைச் செல்லோவின் தாழ்ந்த தந்தியில் வாசித்தது. நாற்பது வினாடியும் முடிந்தது.

"அழகான பதில்," என்றது தொகுப்பான். "அனுப்பிவிட்டேன். வேகம் குறைகிறது. தொடருங்கள்."

ஏழு பேரும் சம்மட்டியை ஓங்கினார்கள். அழகுமீனாளுக்கு ஒரு சாவுச் செய்தி பாக்கி இருக்கிறது.